ஆன்ஜைனா: நெஞ்சு இறுக்கத்தோடு வாழத் தொடங்குபவர்களுக்கு

பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு வேகமாக வைத்தால் நடு நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போல ஒரு பாரம். நின்றுவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது. மறுபடி நடந்தால் மறுபடி வருகிறது. பலர் இதைக் 'கேஸ்' என்று முடிவு கட்டி, ஒரு சோடாவோ ஓமத் தண்ணீரோ குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். குடித்ததும் வலி போனது உண்மைதான். ஆனால் வலியை நிறுத்தியது சோடா இல்லை, சோடா குடிக்க நின்ற அந்த இரண்டு நிமிடம்.

இந்த வலிக்குத்தான் ஆன்ஜைனா என்று பெயர். தமிழில் மார்பு நெரிப்பு, நெஞ்சு இறுக்கம் என்கிறோம். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768-ல் இதை விவரித்தபோதே, நடக்கையில் வருகிறது, மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்ட கையோடு நடக்கும்போதும் அதிகம் வருகிறது, நின்றதும் மறைகிறது என்று எழுதிவைத்துவிட்டார். இன்றைக்கும் இதய மருத்துவர் முதலில் கேட்பது அதே கேள்விகளைத்தான்.

'உங்களுக்கு ஆன்ஜைனா இருக்கிறது' என்று சொல்லி மருந்துச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இந்தக் கட்டுரை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஆன்ஜைனாவில் வலி எவ்வளவு கடுமை என்பதைவிட, அது எந்த ஒழுங்கில் வருகிறது என்பதே முக்கியம். எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, எதற்கு அடங்குகிறது என்ற கணக்கு உங்களுக்கு அத்துபடியாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கு மாறுகிற நாள்தான் ஆபத்தான நாள். அன்று வலி லேசாக இருந்தாலும் ஆபத்துதான்.

உள்ளே நடப்பது

இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தத்தை அனுப்பினாலும், தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தன்மேல் கொடி போலப் படர்ந்திருக்கும் கரோனரி ரத்தக்குழாய்கள் வழியாகத்தான் பெறுகிறது. வலப்பக்கம் ஒரு பெரிய குழாய். இடப்பக்கம் ஒரு தண்டு, அது இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிகிறது. 'மூணு பிளாக்' என்று ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் இந்த மூன்று குழாய்களிலும் அடைப்பு என்ற பொருளில்தான்.

உடம்பின் மற்ற பாகங்கள் தங்களுக்கு வரும் ரத்தத்திலிருந்து கால்வாசி ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அவசரம் என்றால் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளக் கையிருப்பு உண்டு. இதயத் தசைக்கு அந்த வசதி கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. வேலை கூடினால் ரத்த ஓட்டம் கூடியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. நல்ல குழாய் நாலைந்து மடங்கு வரை கூட்டிக் கொடுக்கும். கொழுப்பு படிந்து 70 சதவீதம் குறுகிய குழாய், உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியதைக் கொடுத்துவிடும், படி ஏறுபவருக்குக் கொடுக்க முடியாது. வீட்டில் சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாமல், மாடி ஏறினால் மட்டும் வலிப்பது இதனால்தான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. இடது இதய அறையின் தசைக்குள் ரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான் பாய்கிறது, சுருங்கும் நேரத்தில் அல்ல. துடிப்பு வேகமானால் தளரும் நேரம் குறைகிறது. அதாவது தேவை கூடும் அதே சமயத்தில் வரத்துக்கான நேரம் சுருங்குகிறது. துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் ஏன் எழுதுகிறார் என்பதற்கான விடை இங்கே இருக்கிறது.

எல்லா ஆன்ஜைனாவுக்கும் அடைப்பு காரணமில்லை. சிலருக்குக் குழாய் திடீரென்று சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ, படுத்திருக்கும்போதே வரும். இன்னும் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பெரிய குழாய்கள் சுத்தமாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் சரியாக விரியாது. 'ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்க்குள் மை செலுத்தி எடுக்கும் படத்தில்) ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்' என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்களில் சிலருக்கு இருப்பது இந்த வகை. வலி தொடர்ந்தால் நுண்குழாய் பற்றி மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்.

ரத்தசோகை, தைராய்டு கூடுதல், இதய வால்வு குறுகல் ஆகியவையும் இதே வலியைக் கொண்டுவரும். ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிய ஒருவருக்குச் சிறிய அடைப்பே பெரிய வலியைத் தரும். அதனால் ரத்தப் பரிசோதனையை விட்டுவிட்டு நேரே ஆஞ்சியோவுக்கு ஓட வேண்டாம்.

முதல் படி: வலியை அடையாளம் காணுதல்

'எங்கே வலிக்கிறது?' என்று கேட்டால் ஆன்ஜைனா உள்ளவர் ஒற்றை விரலால் காட்ட மாட்டார். உள்ளங்கையை விரித்து நெஞ்சின் நடுவில் வைப்பார், அல்லது கையை முஷ்டியாக மடக்கி அழுத்திக் காட்டுவார். 'குத்துகிறது' என்பதைவிட 'அழுத்துகிறது', 'இறுக்கிப் பிடிக்கிறது', 'எரிகிறது', 'மூச்சை அடைக்கிறது' என்ற சொற்களே வரும். பலர் 'வலி' என்றே சொல்வதில்லை. 'வலி இருக்கிறதா?' என்று கேட்டால் இல்லை என்பார்கள், 'ஒரு மாதிரி இருக்கிறதா?' என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். வீட்டுப் பெரியவர்களை விசாரிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

வலி இடது கைக்கு மட்டும்தான் பரவும் என்பதில்லை. இரண்டு கைகள், தொண்டை, கீழ்த்தாடை, பல், முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே, மேல்வயிறு, எங்கும் போகலாம். சிலருக்கு நெஞ்சில் ஒன்றும் இருக்காது, நடந்தால் தாடை மட்டும் வலிக்கும். பல் மருத்துவரிடம் போய் வந்தும் தீராத, நடந்தால் வந்து நின்றால் போகும் தாடை வலியை இதயத்தின் கணக்கில் எழுதுங்கள்.

மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். நெஞ்சின் நடுவிலோ கழுத்து, தாடை, கைகளிலோ இறுக்கமா? உழைப்பாலோ கோபம், பதற்றத்தாலோ வருகிறதா? ஓய்வெடுத்தால் அல்லது நாக்கடி மாத்திரை வைத்தால் 5 நிமிடத்துக்குள் போகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது ஆன்ஜைனாவாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். மூச்சை இழுத்தால் கூடுகிற, விரலால் அழுத்தினால் கூடுகிற, ஒரு நொடி சுருக்கென்று வந்து போகிற வலி இதயத்திலிருந்து வருவது அரிது. ஆனாலும் அதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம்.

சர்க்கரை நோய் பல வருடமாக உள்ளவர்களுக்கு நரம்புகள் மழுங்கியிருக்கும். வலியே தெரியாமல், நடந்தால் மூச்சு வாங்குதல், காரணமில்லாத வியர்வை, அசதி என்று மட்டும் காட்டும். வயதானவர்களுக்கும் அப்படியே. பெண்களுக்கு வலியோடு குமட்டலும் அசதியும் முதுகு வலியும் சேர்ந்து வந்து கவனத்தைத் திருப்பிவிடுவதுண்டு. 'போன மாசம் வரை கடைக்கு நடந்து போய் வந்தவர், இப்போது பாதி வழியில் உட்காருகிறார்' என்றால் அதுவே அறிகுறி.

நாக்கடி மாத்திரையைச் சரியாகப் பயன்படுத்துவது

நிறையப் பேர் தவறு செய்யும் இடம் இது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் கொடுப்பது ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மி.கி., பேச்சுவழக்கில் சார்பிட்ரேட். சிலருக்கு நைட்ரோகிளிசரின் ஸ்பிரே எழுதுவார்கள். இரண்டுமே ரத்தக்குழாய்களை விரிக்கின்றன. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்து அதன் சுமை இறங்குகிறது, கரோனரிக் குழாய்களும் சற்று விரிகின்றன.

வலி தொடங்கியதும் செய்து கொண்டிருப்பதை அப்படியே நிறுத்துங்கள். 'இந்தப் படியை ஏறிவிடுகிறேன்' என்று சொல்லாதீர்கள். உட்காருங்கள். நின்றபடி மாத்திரை வைத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி விழுந்துவிடுவீர்கள். தட்டையாகப் படுத்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடி வலி கூடலாம். முதுகைச் சாய்த்து உட்காருவதே சரி.

கடிகாரத்தைப் பாருங்கள். நேரத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். வலி வந்தவருக்கு இரண்டு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், பத்து நிமிடம் இரண்டாகவும் தெரியும்.

ஒரு மாத்திரையை நாக்கைத் தூக்கி அதன் அடியில் வையுங்கள். விழுங்க வேண்டாம். விழுங்கினால் மருந்து குடல் வழியாகக் கல்லீரலுக்குப் போய் அங்கேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். நாக்கடியில் இருந்தால் மெல்லிய தோல் வழியே நேராக ரத்தத்தில் கலக்கும். வாய் உலர்ந்திருந்தால் மாத்திரை கரையாமல் அப்படியே கிடக்கும். முதலில் ஒரு வாய்த் தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். கரையும் வரை பேசவோ குடிக்கவோ வேண்டாம். ஸ்பிரே என்றால் மூச்சை அடக்கி நாக்கடியில் ஒரு முறை அடித்து வாயை மூடுங்கள், உள்ளே இழுக்காதீர்கள்.

தலை விண்ணென்று வலிக்கும், முகம் சூடாகும். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பயந்து அடுத்த முறை மாத்திரையைத் தவிர்க்காதீர்கள்.

5 நிமிடம். வலி போகவில்லை அல்லது கூடுகிறது என்றால் 108. 'இன்னும் ஒன்று வைத்துப் பார்ப்போம்' என்று காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும் வரை 5 நிமிட இடைவெளியில் இன்னொரு மாத்திரை வைக்கலாமா, மொத்தம் எத்தனை என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 15 நிமிடத்தில் மூன்றுக்கு மேல் போவதில்லை.

இந்த மாத்திரையை வைக்கவே கூடாத சந்தர்ப்பங்கள் உண்டு. மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இருந்தால் கூடாது. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் கூடாது. அவற்றில் ஒன்றும் நாக்கடி மாத்திரையும் சேர்ந்தால் அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். கூச்சப்பட்டு மறைக்கும் விஷயம் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறோம்: அந்த மாத்திரை சாப்பிட்டிருந்தால் ஆம்புலன்ஸ்காரரிடமும் டியூட்டி டாக்டரிடமும் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்து வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி என்றதும் உங்கள் சார்பிட்ரேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். அவர்களுடைய அழுத்தம் என்ன என்று உங்களுக்குத் தெரியாது.

மாத்திரை எங்கே இருக்கிறது? பீரோவில் இருந்தால் பயனில்லை. சட்டைப் பையில் ஒன்று, படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, வேலை செய்யும் இடத்தில் ஒன்று என்று வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டில் வைத்தால் வீரியம் போய்விடும். அட்டையிலிருந்து பிய்த்து வெறும் காகிதத்தில் மடித்து வைப்பதும் அப்படித்தான்.

எது வழக்கமான வலி, எது அவசரம்

வழக்கமான ஆன்ஜைனா ஏறக்குறைய ஒரே அளவு உழைப்பில் வரும், 2 முதல் 10 நிமிடம் நிற்கும், ஓய்வில் போய்விடும். இதோடு வருடக்கணக்கில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

கீழே சொல்பவை வேறு ரகம். ஓய்வாக இருக்கும்போதோ தூக்கத்திலோ வருவது. மாத்திரை வைத்தும் 5 நிமிடத்தில் அடங்காதது, அல்லது 20 நிமிடத்துக்கு மேல் நிற்பது. இரண்டு மாடி ஏறினால் வந்தது, இந்த வாரம் குளியலறைக்கு நடந்தாலே வருவது. வாரத்துக்கு ஒன்றாக இருந்தது தினமும் மூன்று ஆவது. ஒரு மாத்திரைக்கு அடங்கியது இப்போது இரண்டு கேட்பது. குளிர்ந்த வியர்வை, வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறல் சேர்ந்து வருவது. இதுவரை நெஞ்சுவலியே இல்லாதவருக்குப் புதிதாக வருவதும் இந்தக் கணக்குதான். குழாய்க்குள் இருக்கும் கொழுப்புப் படிவின் மேல்தோல் கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறையத் தொடங்கியிருக்கலாம். உறைகட்டி குழாயை முழுதாக அடைத்தால் அது மாரடைப்பு, தசை சாகத் தொடங்கிவிடும்.

இவற்றில் எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளி நடக்கக் கூடாது, மாடியில் இருந்தால் தானாக இறங்கக் கூடாது. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவதும், தானே காரை ஓட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். வழியில் துடிப்பு தாறுமாறானால் ஆம்புலன்ஸில் ஷாக் கொடுக்கும் கருவி இருக்கும், பைக்கில் இருக்காது. வாசல் கதவைத் திறந்து வையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, ரத்தம் கசியும் குடல்புண்ணோ இல்லாதவர்கள், 108-ல் பேசுபவரோ மருத்துவரோ சொன்னால், 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். மெல்ல வேண்டும், அப்படியே விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும்.

தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் தவணை மருந்து வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகள். பெரிய ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்துக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஈசிஜியும் முதல் மருந்தும் அருகில் முடிந்துவிட்டால் மீதிப் பயணம் பாதுகாப்பாகும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் வேகமாக இருமுங்கள்' என்ற செய்தியை நம்பாதீர்கள். இருமிக்கொண்டிருக்கும் நேரத்தில் போனை எடுத்திருக்கலாம். விழுந்து மூச்சும் பேச்சும் இல்லாமல் போனால் பக்கத்தில் இருப்பவர் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.

ஒரு நோட்டு

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். வலி வந்த ஒவ்வொரு முறையும் ஐந்து விவரங்கள்: தேதியும் நேரமும், என்ன செய்து கொண்டிருந்தீர்கள், எத்தனை நிமிடம், மாத்திரை வைத்தீர்களா, எத்தனை நிமிடத்தில் அடங்கியது. இப்படி:

மார்ச் 3, காலை 6.40. பால் வாங்கி மேட்டுத் தெருவில் திரும்பி வரும்போது. நடு நெஞ்சு, இடது தோள். 4 நிமிடம். நின்றதும் போனது. மாத்திரை வைக்கவில்லை.

மார்ச் 9, இரவு 9.15. சாப்பிட்ட உடனே நடந்தபோது. 6 நிமிடம். மாத்திரை 1, 3 நிமிடத்தில் அடங்கியது.

ஒரு மாதம் எழுதினால் உங்கள் வலியின் முகம் தெரிந்துவிடும். மருத்துவமனையில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது என்றாலும் இந்த ஒரு பக்கத்தை நீட்டினால் மருத்துவர் மருந்தின் அளவை மாற்றிவிடுவார். 'அப்பப்ப வருது டாக்டர்' என்ற பதிலை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பரிசோதனைகள்

வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி பலருக்கும் நார்மலாகவே இருக்கும். 'ஈசிஜி நார்மல், அதனால் இதயத்தில் ஒன்றுமில்லை' என்ற முடிவு பலரை ஏமாற்றியிருக்கிறது. வலி இருக்கும்போது எடுத்த ஈசிஜிக்குத்தான் மதிப்பு அதிகம். அவசரப் பிரிவில் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) ரத்தப் பரிசோதனை ஒரு முறை சரியாக வந்தாலும், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். தசை பாதிக்கப்பட்டாலும் அந்தப் புரதம் ரத்தத்தில் ஏற நேரமாகும் என்பதே காரணம். 'ஒருமுறை பார்த்தாச்சே' என்று கிளம்பிவிடாதீர்கள்.

எக்கோ, இதயத்தின் அசைவையும் வால்வுகளையும் காட்டும். அடைப்பை நேரடியாகக் காட்டாது. டிரெட்மில் சோதனையில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-லிருந்து உங்கள் வயதைக் கழித்து வரும் துடிப்பில் 85 சதவீதத்தைத் தொடுவது இலக்கு. 60 வயதுக்காரருக்கு அது 136. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், செருப்பில்லாமல் ஷூ போட்டுப் போங்கள், துடிப்பு குறைக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தால் மானத்தைப் பார்க்காமல் சொல்லிவிட வேண்டும். ஓய்விலேயே வலி இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை செய்யக் கூடாது.

சிடி ஆஞ்சியோ ஊசி வழியாக மையைச் செலுத்திப் படம் எடுப்பது. துடிப்பு 65-க்குக் கீழே இருந்தால்தான் படம் தெளிவாக வரும். வழக்கமான ஆஞ்சியோகிராம் இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகவே செய்யப்படுகிறது. இரண்டிலும் மை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தினசரி மருந்துகள், தினசரித் தவறுகள்

சீட்டில் உள்ள மாத்திரைகள் இரண்டு வகை. ஒன்று வலியைக் குறைப்பது: மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்றவை துடிப்பைக் குறைக்கும். அம்லோடிபின் குழாயை விரிக்கும். நீண்ட நேரம் வேலை செய்யும் நைட்ரேட்டும் (சார்பிட்ரேட்டின் இனம்) இந்த வகை. மற்றொன்று உயிரைக் காப்பது: ஆஸ்பிரின் 75 மி.கி., கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் அல்லது ரோசுவாஸ்டாடின். வலியைக் குறைப்பவை பலன் தெரியும், அதனால் சாப்பிடுவார்கள். ஸ்டாடின் என்னும் இந்தக் கொழுப்பு மாத்திரையைச் சாப்பிட்டால் உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதனால் முதலில் நிறுத்தப்படுவது அதுதான். உண்மையில் மாரடைப்பைத் தள்ளிப்போடுவதில் அதன் பங்கு பெரிது. எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே இருக்க வேண்டும், முடிந்தால் 55-க்குக் கீழே. ரிப்போர்ட்டில் 'நார்மல் 130 வரை' என்று அச்சிட்டிருப்பது உங்களுக்கான எல்லை இல்லை.

துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அடக்கி வைத்த துடிப்பும் அழுத்தமும் ஒரேயடியாக எகிறி, மாரடைப்பு வரை போகலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரை டப்பாவை மறந்துவிட்டு 'வந்து பார்த்துக்கலாம்' என்று நாலு நாள் விடுவது இப்படித்தான் முடிகிறது.

நைட்ரேட் மாத்திரையைத் தினமும் இரு வேளை எழுதியிருந்தால் காலை 8, மாலை 3 என்பது போலத்தான் நேரம் இருக்கும். காலை 8, இரவு 8 என்று நீங்களாகச் சமப்படுத்திக்கொள்ளாதீர்கள். 24 மணி நேரமும் மருந்து ரத்தத்தில் இருந்தால் உடம்பு பழகிப்போய், மருந்து கேட்காமல் போய்விடும். தினமும் 10 முதல் 14 மணி நேரம் இடைவெளி வேண்டும். இந்த நீண்ட நேர மாத்திரையை அவசரத்துக்கு நாக்கடியில் வைத்தாலும் பயன் தராது, அது மெல்லக் கரையும்படி செய்யப்பட்டது.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இதய நோயாளிகளுக்கு ஆகாது. பாராசிட்டமால் கேளுங்கள்.

இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர், தேன் கலந்த சாறு அடைப்பைக் கரைக்கும் என்று சொல்கிறார்கள். சாப்பாட்டில் பூண்டு இருப்பது நல்லது. ஆனால் சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்ட படிவை எந்தச் சாறும் கரைத்ததில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் பட்ட பாடு பெரிது.

ஸ்டென்ட் வேண்டுமா?

ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயைத் திறந்து வைக்க உள்ளே வைக்கும் சிறு வலைக்குழாய். ஓய்வில் வலி, மாறிப்போன வலி, மாரடைப்பு என்றால் கேள்வியே இல்லை, உடனே செய்ய வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் மாறாத வழக்கமான ஆன்ஜைனாவுக்கு அவசரம் கிடையாது. 2007-ல் வெளியான கரேஜ் ஆய்வும், 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து நடத்தி 2020-ல் வெளியிட்ட இஸ்கீமியா ஆய்வும் இதைத்தான் காட்டின. நல்ல மருந்துகளோடு தொடங்கியவர்களைவிட, உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தவர்கள் அதிக நாள் வாழ்ந்துவிடவில்லை. அவர்களுக்கு வலி குறைந்தது என்பது உண்மை.

காரணம் இது. மாரடைப்பைக் கொண்டுவரும் கிழிசல் பலநேரம் 40, 50 சதவீதம் மட்டுமே அடைத்த, ஆஞ்சியோவில் யாரும் கவனிக்காத படிவில் நடக்கிறது. ஸ்டென்ட் பெரிய அடைப்பு இருக்கும் இரண்டு செ.மீ. இடத்தைத்தான் திறக்கிறது. மருந்தோ குழாய் முழுவதிலும் உள்ள எல்லாப் படிவையும் கிழியாதபடி உறுதிப்படுத்துகிறது. அதனால் ஸ்டென்ட் வைத்த பிறகும் மாத்திரை வாழ்நாள் முழுக்க.

இடது தண்டுக் குழாயில் 50 சதவீதத்துக்கு மேல் அடைப்பு, இதயத்தின் பம்ப் பலவீனம், மருந்து போதுமான அளவு எடுத்தும் வாழ்க்கையை நடத்தவிடாத வலி, இவை இருந்தால் நிலைமை வேறு. 'உடனே ஸ்டென்ட் வைக்கணும்' என்று ஆஞ்சியோ மேசையிலேயே மருத்துவர் சொன்னால், 'இது இடது தண்டா? மருந்தோடு பார்க்க முடியுமா?' என்று இரண்டு கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் இந்த சிகிச்சைகள் அடக்கம், கார்டைப் புதுப்பித்து வைத்திருங்கள். ஸ்டென்ட் வைத்துவிட்டால் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலும் சேரும், பொதுவாக 6 முதல் 12 மாதம். பல் பிடுங்கவோ வேறு ஆபரேஷனுக்கோ யார் நிறுத்தச் சொன்னாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட் உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துவிடும்.

நடை, சாப்பாடு, மலை ஏறுதல்

ஆன்ஜைனா வந்ததும் பலர் நடையை நிறுத்திவிடுகிறார்கள். தவறு. மருந்து அமைந்த பிறகு, மருத்துவர் ஒப்புதலோடு, வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கை நோக்கிப் போக வேண்டும். சமதரையில் தொடங்குங்கள். முதல் 5 நிமிடம் மிக மெதுவாக, பிறகு பேச்சு தடைபடாத வேகம், கடைசி 5 நிமிடம் மறுபடி மெதுவாக. வலி வரும் வேகத்துக்குச் சற்றுக் கீழே நில்லுங்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது கழியட்டும், செரிமானத்துக்கே ரத்தம் பிரிந்து போகும் நேரம் அது. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் விடியற்காலைக் குளிரில் நடப்பதைத் தள்ளிப்போடுங்கள், குளிர் குழாய்களைச் சுருக்கும். தினமும் செய்யும் ஒரு வேலையில் வலி நிச்சயம் வரும் என்று தெரிந்தால், அதற்கு முன்பே நாக்கடி மாத்திரை வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சபரிமலை, பழனி, சதுரகிரி போக ஆசைப்படுபவர்கள் இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பம்பையிலிருந்து சன்னிதானம் வரை, நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் ஏற்றம் செங்குத்து. அதனாலேயே அந்த இரண்டு இடங்களிலும் இதய சிகிச்சை மையங்கள் அமைத்திருக்கிறார்கள். விரதத்தில் இருப்பதாலோ வழியில் மறந்ததாலோ மாத்திரையை விட்டுவிட்டு ஏறுவது மிகப் பெரிய தவறு. வலி வந்தால் திரும்பிவிடுங்கள், அடுத்த வருடமும் மலை அங்கேதான் இருக்கும்.

தாம்பத்தியம் பற்றிக் கேட்கத் தயங்குவார்கள். இரண்டு மாடி சாதாரண வேகத்தில் ஏறி வலி வரவில்லை என்றால் பெரும்பாலோருக்குத் தடையில்லை.

சாப்பாட்டில் கவனம் வேண்டியது உப்பிலும் எண்ணெயிலும். உப்பு நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் சேர்ந்தால் அது காலையிலேயே முடிந்துவிடும். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்து வாங்குங்கள். நான்கு பேர் வீட்டுக்கு 5 லிட்டர் டின் மாதாமாதம் தீர்கிறது என்றால் பிரச்சினை எண்ணெயின் பிராண்டில் இல்லை. பேக்கரி பஃப்ஸ், வனஸ்பதி, திரும்பத் திரும்பச் சுட வைத்த வடைச்சட்டி எண்ணெய் வேண்டாம். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை மூன்றும் நிற்க வேண்டும். புகையை விட்டு ஒரு வருடத்தில், அதனால் கூடியிருந்த இதய ஆபத்து பாதியாகக் குறைகிறது. எந்த மாத்திரையிலும் இவ்வளவு லாபம் கிடைக்காது.

கடைசியாக ஒரு சிறு வேலை. உள்ளங்கை அகலத்தில் ஒரு அட்டை எடுத்து, பெயர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகளும் அளவும், ஒவ்வாமை, ஸ்டென்ட் இருந்தால் வைத்த தேதி, உறவினர் எண், இதய மருத்துவமனை எண் எழுதிப் பணப்பையில் வையுங்கள். அதன் பின்பக்கம் நாக்கடி மாத்திரை காலாவதியாகும் மாதத்தை எழுதிவையுங்கள். அந்த மாதம் வரும்போது வலி வந்திருந்தாலும் வராவிட்டாலும் பழைய மாத்திரையைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்கிவிடுங்கள்.